சாவி உங்க கையில... ஆர்.சி. யார் பேர்ல?

தை அறுவடை முடிஞ்சு நெல்லுப் பணம் கைக்கு வந்ததும், குடவாசல் பக்கத்து வீடுகளில் மெள்ள ஒரு பேச்சு கிளம்பும். 'ஒரு பழைய கார் பார்க்கலாமா?' உடனே புரோக்கர் ஆஜர்! 'சிங்கிள் ஓனர் தம்பி... டாக்டர் வச்சிருந்த வண்டி. ஃபார்ம்ல கையெழுத்து வாங்கித் தந்துடறேன். பேரை மெதுவா மாத்திக்கலாம்.'

(செகண்ட் ஹேண்ட் கார் எல்லாமே எப்படித்தான் டாக்டர் வீட்டிலிருந்தே வருதோ!) அதை விடுங்க. அந்த 'மெதுவா'வில்தான் இருக்கு வில்லங்கம்.

பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி வரைக்கும் போன ஒரு வழக்கைக் கேளுங்க. ஒருத்தர் 2007-ல் காரை விற்றார். வாங்கினவர் இன்னொருத்தருக்கு, அவர் வேறொருத்தருக்கு என்று வண்டி கைமாறிக்கிட்டே போச்சு. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆள் பேர் அப்படியே இருந்தது. 2009 மே மாதம் அந்தக் கார் ரிவர்ஸில் வந்து, தெருவில் நடந்து போன ஒரு பெண்மீதும் அவர் உறவுக்காரர்மீதும் மோதியது. உறவுக்காரர் இறந்துவிட்டார். இன்ஷூரன்ஸும் கிடையாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஆர்.சி.யில் யார் பேரோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு. விற்று ரெண்டு வருஷம் ஆச்சு என்ற வாதம் எடுபடவே இல்லை!

'விற்றவருக்குத்தானே ஆப்பு, நமக்கென்ன?' என்கிறீர்களா? வண்டியோடு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் தானாக உங்களிடம் வந்துவிடும். ஆனா, சொந்த சேதத்துக்கான பாதுகாப்பு வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்குச் சொல்லி பேரை மாத்தணும். மாத்தாம காரை வாய்க்காலில் இறக்கினீங்கன்னா, தூக்குற செலவுகூட உங்களோடது.

விற்றவர் ஃபார்ம் 29-ஐ 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தரணும்; வாங்கினவர் ஃபார்ம் 30-ஐ 30 நாளுக்குள். லோன் வண்டியா? டியூ முடிஞ்சதுக்கு பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் இல்லாம அட்வான்ஸே நீட்டாதீங்க. எஞ்சின், சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்க. திருட்டு வண்டின்னா நீங்க நியாயமா காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அது உங்களுடையது ஆகாது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்... அவர் முகவரியோடு ரசீது இருந்தால்!

டீலர் ஏமாத்தினா திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கணும்னு விதியே வந்திருக்கு. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினா அந்த ஆணையம் கைகொடுக்காது, சிவில் கோர்ட்தான். அதனால காசு கொடுக்கும் முன்னாடியே மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போயிடுங்க.

ஃபைனல் இயர் முடிச்சு பைக்கை ஜூனியர் தலையில் கட்டப் போறீங்களா? அப்போ அந்த 2007 ஆள் நீங்கதான் பாஸ்! 'மச்சான், அப்புறம் மாத்திக்கறேன்'னு சொன்னா, ஹாஸ்டலைக் காலி பண்றதுக்குள் அவனையும் இழுத்துட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், ஆர்.சி.யில் அவன் பேர் ஏறுற வரை விடாதீங்க.