காஞ்சனபுரியில் நம்மவர்

விடுமுறையில் குடும்பத்துடன் அந்நிய தேசம் செல்வோர் கடைவீதிகளையும் கடற்கரைகளையும் கண்டு திரும்புவதே வழக்கமாகிவிட்டது. நாமும் மனைவி மக்களுடன் தாய்லாந்து, அதாவது நம் முன்னோர் சயாம் என்றழைத்த தேசத்திற்குச் சென்றிருந்தோம். பாங்காக் நகரத்துப் பொன் வேய்ந்த கோயில்களைப் பற்றி எழுதியோர் பலர். ஆதலின் அதற்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சனபுரியில் நாம் கண்டவற்றை மட்டும் நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1942-ஆம் ஆண்டில் மலேயாவையும் பர்மாவையும் கைப்பற்றிய ஜப்பானிய ராணுவம், கடல் மார்க்கம் அபாயமாயிருந்தபடியால், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை போட முற்பட்டது. மலையும் வனமும் அடர்ந்த அவ்வழியில் 1943 அக்டோபரிலேயே வேலை முடிந்துவிட்டது. அந்த வேகத்திற்குக் கொடுத்த விலை மனித உயிர். நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ இரண்டு லட்சத்தையொட்டியவர். அவர்களில் மாண்டவர் சுமார் 90,000 என்று மதிப்பிடப்படுகிறது. பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் அவர்களில் இருந்தனர். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பலவந்தமாகவும் கொண்டுபோகப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கானோர்.

கைதிகளைக் காட்டிலும் கூலிகள் அதிகமாக மடிந்ததேன்? கைதிகளுக்கு மருந்தில்லாவிடினும் கூடவே சிறைப்பட்ட வைத்தியர்கள் இருந்தனர். நீரைக் கொதிக்க வைத்துக் குடியென்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர். நம்மவருக்கோ ஒருவருமில்லை. 1943-ஆம் வருஷத்து மழைக்காலத்தில் காலரா பரவியபோது அவர்கள் கூட்டங்கூட்டமாக வீழ்ந்தனர்.

காஞ்சனபுரி யுத்த மயானத்தில் சுமார் 7,000 சமாதிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. புல்தரை சீராக வெட்டப்பட்டிருக்கிறது. வீரனின் பெயர், படை, வயது யாவும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மலையைக் குடைந்து பாதை வெட்டிய இடமொன்றில் ஆஸ்திரேலிய அரசாங்கம் தன் மக்களின் நினைவாக 1998-இல் காட்சிசாலை அமைத்தது. இவற்றையெல்லாம் பார்த்த நம் இளைய மகள், "நம்மவங்க சமாதி எங்கே அப்பா?" என்று கேட்டாள்.

மயானத்தையடுத்த பௌத்த ஆலயத்திற்கு அவளை அழைத்துச் சென்றோம். தொழிலாளரின் எலும்புகள் அங்கே ஒரு ஸ்தூபியின் கீழ் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. பெயரில்லை, ஊரில்லை. மலேசியத் தமிழரின் முயற்சியால் 2023-இல் அங்கே ஒரு நடுகல் எழுந்தது. பாதை முடிந்து எண்பது வருஷங்களுக்குப் பின்னர்! ஆனால் வேலை வாங்கிய ஜப்பானியரோ 1944-லேயே பாலத்தருகே ஸ்தம்பம் நாட்டி அதில் தமிழிலும் எழுதி வைத்தனர். கொன்றவர் நாட்டிய கல்லில் முதலில் நம் மொழி ஏறியதை என்னென்பது!

கைதிகளுக்குப் படையின் பதிவேடு இருந்தது. பதிவேட்டின் பின்னே ஒரு சர்க்கார் இருந்தது. ஆதலால் பெயர் பிழைத்தது. கூலியின் பெயர் தோட்டத்துக் கூலிக்கணக்கோடு நின்றுவிட்டது. 1957-இல் வெளியாகி உலகப் புகழடைந்த குவாய் நதிப் பாலத் திரைப்படமும் வெள்ளைக்காரக் கைதிகளின் கதையையே காட்டியது. இன்றும் அப்பாலத்தில் ரயில் ஓடுகிறது. ஏறுவோர் பலருக்கு நம்மவர் கதை தெரியாது.

பிறரைக் குறைகூறிப் பயனில்லை. தன் மாண்டோரைத் தான் எண்ணாத ஜாதியை உலகம் எண்ணுமா? திரும்பி வந்தோரும் அநேகமாக மறைந்துவிட்டனர். ஆயினும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் மலேசியாவிலும் நம் கிராமங்களிலும் இருக்கின்றனர். சயாம் போய் மீளாத பாட்டனாரின் பெயரும் ஊரும் இவர்கள் வாயில் இன்னும் உண்டு. அவற்றைக் கேட்டு எழுதிப் பட்டியலாக்குவதற்குப் பெரும் பொருள் வேண்டாம். ஊருக்கு இரண்டு இளைஞர் போதும். நம் பாடப் புத்தகங்களில் இச்சரித்திரம் ஒரு பாடமாக ஏறட்டும். தேசத் தொண்டில் ஈடுபட்டோர் இவ்வேலையை இவ்வாண்டே தொடங்குவாராக.