பிசுக்கறுக்கும் காரமும் பெயரில்லாத பாட்டிலும்

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணப்பாறை, மருங்காபுரி, துவரங்குறிச்சி என்று திருச்சி மாவட்டத்தின் அந்தப் பக்கத்தில், பலகாரம் சுடும் எந்தக் கடையின் எண்ணெய்ச் சட்டியையும் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் தெறித்து, காய்ந்து, மறுபடி தெறித்து, பழுப்பும் கறுப்புமாக ஒரு படலம் இறுகிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் பெயராது. சோப்பு நுரைக்கு மசியாது. பேக்கரி அவனின் உட்சுவரிலும், வீட்டுச் சமையலறைச் சிம்னியின் வலையிலும், ஏர் ஃபிரையரின் கூடையிலும் படிவது இதே பொருள்தான். இதை எடுப்பதற்கென்றே ‘அவன் கிளீனர்’ என்ற பெயரில் உலகில் ஒரு தனித் தொழில் வளர்ந்திருக்கிறது. அந்தத் தொழிலின் வரலாறு சொல்லும் பாடம் ஒன்று உண்டு. பிசுக்கை அறுக்கும் வேதிப்பொருளை முழுவதும் சாதுவாக்க எவராலும் முடியவில்லை. அதை அடைத்துவைக்கும் பாட்டிலைச் சாதுவாக்க முடிந்தது. விபத்துக்கு முதல் தடுப்பாக நின்றது அதுதான். நம் ஊர்களில் இன்னும் பாக்கியிருக்கும் வேலையும் அதுவே.

முதலில் அந்தப் படலம் என்னவென்று பார்ப்போம். எண்ணெய் என்பது ஒரு கிளிசரின் துண்டோடு மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் கோத்த மூலக்கூறு. சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடங்களைச் சூட்டில் காற்றின் ஆக்சிஜன் தாக்குகிறது. தாக்குண்ட சங்கிலி பக்கத்து மூலக்கூறின் சங்கிலியோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. முடிச்சுக்கு மேல் முடிச்சு விழ, ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் பிசினாகி, கடைசியில் பெயின்ட் பூச்சைப் போலக் கெட்டிப்படுகிறது. சூரியகாந்தி எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகுதி, அதனால் சீக்கிரம் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு, அதனால் அவ்வளவு எளிதில் இறுகாது. எண்ணெய் தடவித் தடவிப் பழக்கிய தோசைக்கல்லின் கறுப்புப் பளபளப்பும் இதே வலைப்பின்னல்தான். தோசை ஒட்டாமல் எழும்பக் காரணமான அந்தப் படலத்தைப் பொத்திப் பாதுகாக்கிறோம். அதுவே அவன் சுவரில் படிந்தால் அழுக்கு என்கிறோம். பாத்திர சோப்பு தனித்தனி எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து நீரோடு அடித்துச் செல்லும். பின்னிக்கொண்ட வலையைப் பிரிக்க அதனால் ஆகாது. வலையை வெட்டத்தான் வேண்டும்.

வெட்டுவதற்குக் காரம் வேண்டும் என்பது நம் அடுக்களைகளுக்குப் புதிய செய்தி அல்ல. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் இருக்கிறது. ஈரத்தில் கரைந்து அது கொழுப்பின் ஒரு பகுதியைச் சோப்பாக்கும். சாம்பலின் நறநறப்பு மீதியைத் தேய்த்தெடுக்கும். பித்தளைக்கும் செம்புக்கும் மட்டும் புளி. அங்கே அழுக்கு என்பது உலோகத்தின் ஆக்சைடு. அதைக் கரைக்க அமிலம் தேவை. எண்ணெய்க்குச் சாம்பல், களிம்புக்குப் புளி என்று எந்த அழுக்குக்கு எது பொருந்தும் என்பதைப் பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். ஆனால் இறுகிய படலத்துக்குச் சாம்பலின் வலு போதாது. அங்கே வருவது சோடியம் ஹைட்ராக்சைடு, கடை வழக்கில் காஸ்டிக் சோடா. கொழுப்பமிலத்தைக் கிளிசரினோடு இணைக்கும் எஸ்டர் கண்ணியை அது வெட்டுகிறது. வெட்டுண்டவை சோப்பாகவும் கிளிசரினாகவும் நீரில் கரைந்து வழிகின்றன. சோப்பு ஆலையின் கொப்பரையில் நடக்கும் அதே வினைதான் அவன் சுவரிலும் நடக்கிறது.

ஆபத்தும் அதே வினையில்தான் இருக்கிறது. மனித உடலின் திசுவிலும் கொழுப்பு உண்டு, புரதம் உண்டு. காரம் கொழுப்பைச் சோப்பாக்கும், புரதத்தைக் கரைக்கும். எதிரே இருப்பது அவனா, விரலா என்று அதற்குத் தெரியாது. அமிலம் பட்ட இடத்தில் திசு பெரும்பாலும் உறைந்து தடித்து, மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுத்துவிடும். காரம் பட்ட திசு குழைந்து கூழாகி, காரம் இன்னும் ஆழமாக இறங்க வழிவிடும். தோலில் பட்ட தொடக்கத்தில் வலி குறைவாக இருப்பதால் பலர் அலட்சியமாக இருந்துவிடுவதும் உண்டு. கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துபோகும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, சோற்றுப் பருக்கையும் இறங்காத அளவுக்குக் குழாய் குறுகிவிடும்.

இந்த உண்மையை மிகுந்த விலை கொடுத்துக் கற்ற நாடு அமெரிக்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ‘லை’ என்ற பெயரில் காஸ்டிக், சோப்புக் காய்ச்சவும் சாக்கடை அடைப்பு எடுக்கவும் வீட்டு அலமாரியில் சாதாரண டப்பாவில் இருந்தது. பார்வைக்குச் சர்க்கரை போன்ற அதை வாயில் போட்டுக்கொண்ட குழந்தைகள், 1865-இல் பிறந்த செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டார்கள். உணவுக்குழாய்க்குள் குழல் விட்டுப் பார்க்கும் கருவியை மேம்படுத்தியவர் அவர். சுருங்கிப்போன குழாயைச் சிறிது சிறிதாக விரிப்பது நீண்ட காலச் சிகிச்சை. அதைச் செய்துகொண்டே, அந்தக் காயம் நேராமல் தடுக்க டப்பாவின் மேல் எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று சக மருத்துவர்களோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் போராடினார். 1927-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கென ஒரு சட்டம் இயற்றியது. காஸ்டிக் உள்ளிட்ட அரிக்கும் பொருள்களை வீட்டு உபயோகத்துக்கு விற்கும்போது, பொட்டலத்தின் மேல் ‘நஞ்சு’ என்ற சொல்லும், விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியதும் இருந்தே தீரவேண்டும் என்றது அது.

அவனைத் துடைப்பதற்கென்றே தயாரான பொருள்கள் கடைக்கு வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். இன்றும் விற்கும் ‘ஈஸி-ஆஃப்’ 1932-இல் கனடாவின் ரெஜைனா நகரில் தோன்றியது. செங்குத்தான சுவரில் வழியாமல் நிற்கக் காஸ்டிக் கரைசலைக் கெட்டியாக்கினார்கள். பிறகு அழுத்தக் குப்பியிலிருந்து நுரையாகப் பீய்ச்சினார்கள். நுரை வசதியானது, ஆனால் அதோடு எழும் நுண்துளி மூச்சில் ஏறும், பீய்ச்ச உதவும் பியூட்டேன் போன்ற வாயு தீப்பற்றும். 1963-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் காரமே வேண்டாத வழி ஒன்றைக் காட்டியது. ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸுக்குத் தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு பிசுக்கைச் சாம்பலாக்கிவிடும் அவன் அது. மின்சாரச் செலவும் புகையும் அதன் குறைகள். காஸ்டிக்குக்குப் பதில் எத்தனாலமைன் போன்ற மென்மையான காரங்களைக் கரைப்பான்களோடு கலந்து ‘நெடியற்ற’ வகைகளும் வந்தன. அவை மெதுவாக வேலை செய்யும். கண்ணுக்கும் தோலுக்கும் முழுப் பாதுகாப்பு என்று அவற்றையும் சொல்ல முடியாது. இதற்கிடையே 1970-இல் அமெரிக்காவில் இன்னொரு சட்டம் வந்தது. அதன் கீழ், 2 விழுக்காடு அல்லது அதற்கு மேல் காஸ்டிக் கலந்த வீட்டு உபயோகத் திரவங்களைக் குழந்தையால் எளிதில் திறக்கமுடியாத மூடியோடுதான் விற்கவேண்டும் என்றாயிற்று. இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் வலுவான கிளீனரின் உயிர்நாடி காஸ்டிக்தான். மாறியவை அதன் செறிவு, வடிவம், மூடி, மேலே எழுதிய சொல்.

இந்த வெளிச்சத்தில் நம் நிலையைப் பார்க்கவேண்டும். காஸ்டிக் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் மின்சாரத்தை நம்பி 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் நிறுவனம் உருவானது. திருச்சிக்கு வரும் அதே காவிரியின் விசைதான் அது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின், மறுமுனையில் காஸ்டிக் கிடைக்கும். தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் இதே தொழில் நடக்கிறது. ஆலையை விட்டு மூட்டையில் கிளம்பும்போது காஸ்டிக்குக்குப் பெயர் இருக்கிறது, அபாயக் குறி இருக்கிறது. சில்லறையாகப் பிரியும் இடத்தில் இரண்டும் உதிர்ந்துவிடுகின்றன. சிம்னி வலையைக் கொதிநீரில் ஊறவைக்க வாங்கும் வெள்ளைச் சில்லுகள் வெறும் பாலித்தீன் பையில் கட்டி வருகின்றன. தெருவில் வரும் வண்டியில் ஆசிட்டும் பினாயிலும் பிளீச்சிங் நீரும் பழைய குடிநீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ நிரப்பிக் கொடுக்கப்படுகின்றன. அதுவரை தாகம் தீர்த்த பாட்டில் அது. பள்ளியிலிருந்து ஓடிவரும் பிள்ளைக்கு அதன் வடிவம் ‘குடி’ என்றே சொல்லும்.

ஆசிட் விற்பனையில் உச்ச நீதிமன்றம் தலையிட்டது உண்மை. லக்ஷ்மி என்பவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவுப்படி, வாங்குபவரின் அடையாளத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதவேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது. பெண்கள் மீது ஆசிட் வீசும் கொடுமையைத் தடுக்க எழுந்த உத்தரவு அது. அந்த நோக்கத்துக்கு அது மிக அவசியம். ஆனால் தீய எண்ணத்தோடு வாங்கும் கையைத் தடுக்கும் பதிவேடு, எந்தத் தீய எண்ணமும் இல்லாமல் வாங்கிவந்து குளியலறை மூலையில் வைத்த பாட்டிலை ஒரு குழந்தை எடுப்பதைத் தடுக்காது. அதற்குப் பாட்டிலையே சாதுவாக்கும் வேறொரு ஏற்பாடு வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. இயற்கைப் பொருள்கள் இருக்க, காஸ்டிக் எதற்கு என்பது முதலாவது. பாதி நியாயம் இதில் இருக்கிறது. அன்றன்றைய பிசுக்கை அன்றன்றே சுடுநீரும் சோப்பும் கொண்டு எடுத்துவிட்டால் படலம் இறுகவே இறுகாது. அதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஓரளவு இறுகியதைச் சலவை சோடாக் கரைசலில் ஊறவைத்து எடுக்கலாம். ஆனால் எலுமிச்சைச் சாற்றையும் ஆப்ப சோடாவையும் கலந்தால் பொங்கும் நுரை அழுக்கை அறுக்கிறது என்ற நம்பிக்கைக்கு வேதியியல் துணை நிற்காது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும்போது வெளியேறும் கரியமில வாயுதான் அந்த நுரை. மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல். ஏமாற்றம் அடைந்தவர் அடுத்து நாடுவது காஸ்டிக் பையைத்தான். பெரியவர்கள் கவனமாக இருந்தால் போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. கவனம் வேண்டும், ஆனால் கவனத்தை மட்டும் நம்பி எந்த ஆபத்தான பொருளையும் நாம் வீட்டுக்குள் விடுவதில்லை. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். தூங்குகிறவரையும் எழுப்பும் எச்சரிக்கை அது. காஸ்டிக்கும் ஆசிட்டும் அந்த மரியாதைக்கு உரியவை.

மூன்றாவது மறுப்பு கனமானது. பாட்டில், மூடி, அச்சு என்று விதித்தால் வண்டியில் விற்றுப் பிழைப்பவரின் தொழில் போய்விடாதா, ஏழை வீட்டுக்கு விலை கூடாதா என்பது அது. இதை ஒதுக்கிவிட முடியாது. பிராண்டுப் பாட்டிலை வாங்கக்கூடியவருக்கு மட்டும் பாதுகாப்பு என்றால் அது பாதுகாப்பே அல்ல. ஆனால் தீர்வு செலவு மிகுந்ததாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்தது கலப்படத்தைப் பிடிக்க. துளிச் சாயத்தால் அரசு ஒரு பொருளுக்கு அடையாளம் கொடுத்துக் காட்டியிருக்கிறது. அரிக்கும் பொருள்களுக்கென்று குடிபாட்டிலின் சாயல் இல்லாத ஒரே வடிவம், ஒரே நிறம், எழுத்து அறியாதவருக்கும் புரியும் அபாயப் படம், அழுத்தித் திருகினால் மட்டும் திறக்கும் மூடி என்று ஒரு பாட்டிலை அரசே வகுத்துச் சிறு வியாபாரிகளுக்கு மலிவாகக் கொடுக்கலாம். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை விலையில் கழித்துக்கொள்ளும் பழக்கம் சோடாக் கடை நாளிலிருந்தே நமக்குத் தெரிந்ததுதான்.

அதுவரை வீட்டளவில் செய்யக்கூடியவை சில. அலுமினியச் சட்டியிலோ அலுமினியச் சிம்னி வலையிலோ காஸ்டிக்கைப் பயன்படுத்தக்கூடாது. அது உலோகத்தையே தின்று, தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியிடும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சில்லுகளின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடேறிக் கொதித்துத் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துத்தான் இந்த வேலையைத் தொடவேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவவேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக்கூடாது; ஏறிவரும் காரம் குழாயை இன்னொரு முறை வேகவைக்கும். காரத்தை முறிக்க எலுமிச்சை கொடுப்பதும் தவறு. வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். மருத்துவர் முதலில் கேட்கப்போவது என்ன குடித்தார் என்பதைத்தான். பெயர் எழுதாத பாட்டிலால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

செவாலியர் ஜாக்சனின் போராட்டம் வெற்றி பெற்று நூறாண்டு நெருங்குகிறது. ஒரு சொல்லை அச்சடிப்பதற்கு அங்கே எத்தனை குழந்தைகளின் தொண்டை வேகவேண்டியிருந்தது என்பதை அறிந்த பிறகும், நாமும் அதே விலையைக் கொடுத்துத்தான் கற்றுக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. சட்டமும் தனிப் பாட்டிலும் வர நாளாகலாம். ஆனால் தெருமுனையில் ஆசிட் வண்டியின் குரல் கேட்கும்போது, காலியான குடிநீர் பாட்டிலை எடுத்து நீட்டாமல் இருப்பதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.