பலிபீடம் போன பிறகு

கி.பி. 70ஆம் ஆண்டு உரோமைப் படைகள் எருசலேம் ஆலயத்தைத் தீக்கிரையாக்கின. பலிபீடம் போயிற்று, பலிகளும் நின்றன. பலி இல்லையென்றால் பாவத்திற்குக் கழுவாய் ஏது? இக்கேள்வியோடு தவித்த யூத மக்களுக்கு வழிகாட்டியவர் ரபி யோகனான் பென் சக்காய்.

‘பென் சக்காய்’ என்றால் சக்காயின் மகன். லூக்கா நற்செய்தியில் மரமேறிய சக்கேயுவின் பெயரும் இதுவே, ஆள்தான் வேறு. யோகனான், இல்லேல் என்ற பேரறிஞரின் சீடர். முற்றுகையிடப்பட்ட எருசலேமில் தீவிரவாதிகள் யாரையும் வெளியே விடவில்லை. எனவே எலியேசர், யோசுவா என்னும் இரு சீடர்கள் அவரைப் பிணம்போல் சவப்பெட்டியில் வைத்துச் சுமந்து சென்றார்கள் என்று யூத மரபு கூறுகிறது. உரோமைத் தளபதி வெஸ்பாசியானிடம் அவர் பொன்னையோ பதவியையோ கேட்கவில்லை. யாவ்னே என்ற ஊரையும் அங்குள்ள அறிஞர்களையும் கேட்டார். அங்கே இறைவார்த்தையைக் கற்பிக்கும் பணி தொடர்ந்தது.

ஒருநாள் ஆலயத்தின் இடிபாடுகளைக் கண்டு யோசுவா புலம்பினார். “கலங்காதே, அதற்கு நிகரான கழுவாய் நமக்கு உண்டு, அதுவே இரக்கச் செயல்கள்” என்ற பொருளில் யோகனான் ஆறுதல் சொன்னார். அதற்கு ஆதாரமாக, பலியைவிட இரக்கத்தை விரும்பும் கடவுளைப் பற்றிய இறைவாக்கினர் ஓசேயாவின் வாக்கைக் காட்டினார் (6:6).

அதே வாக்கை நம் ஆண்டவர் இயேசு மத்தேயு நற்செய்தியில் இருமுறை எடுத்துரைக்கிறார்: வரிதண்டுவோரோடு பந்தியமர்ந்தபோதும் (9:13), பசித்த சீடர்கள் கதிர் கொய்தபோதும் (12:7). ஆகவே ‘பரிசேயர்’ என்பதை வசைச்சொல்லாகவே வழங்கும் நாம் சற்று நிதானிக்க வேண்டும். யோகனானும் அந்த மரபில் வந்தவரே. யூதரைக் கடவுளால் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது.

கிறிஸ்துவின் ஒரே பலியே நமக்கு மீட்பு. திருப்பலியில் நாம் பங்கேற்பது அப்பலியிலேதான். ஆனால், காணிக்கை செலுத்துமுன் சகோதரரோடு நல்லுறவு கொள்ளச் சொன்னவரும் அவரே. நம் அன்பியத்தில் நோயுற்றுக் கிடப்பவரை மறந்துவிட்டு, பலிபீடத்தை நெருங்கிவிட்டதாக நாம் எண்ண முடியுமா?

சந்தையில் எதிர்ப்படும் பிற இனத்தவருக்குக்கூட யோகனானே முந்திக்கொண்டு வாழ்த்துச் சொல்வாராம். இன்று திருப்பலி முடிந்து வெளியே வருகையில், நம்மோடு பேச்சை நிறுத்திவிட்ட ஒருவருக்கு நாமே முதலில் வணக்கம் சொல்வோம். இரக்கத்தின் ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.