நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும்: சீர்திருத்த இறையியலின் வேறுபாடும் தமிழ்ப் பெயர்ப்புச் சொற்களும்

முன்னுரை

கிறித்தவத் தமிழ் நூல்களைப் பயில்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல்லிணை நியாயப்பிரமாணம், சுவிசேஷம் என்பதாகும். முன்னதைப் பழைய ஏற்பாட்டுக்கும் பின்னதைப் புதிய ஏற்பாட்டுக்கும் மறுபெயராகக் கொள்ளும் வழக்கம் உண்டு. ஆயின் சீர்திருத்த இறையியலில் இவ்விணை நூற்பகுப்பைச் சுட்டுவதன்று. இறைவாக்கு மனிதரிடம் செயற்படும் இருவகை முறைகளைச் சுட்டுவதாகும். அவ்வேறுபாட்டையும், அதனைத் தமிழ்ப் பெயர்ப்புச் சொற்கள் தாங்கும் திறத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கட்டளையும் வாக்குறுதியும்

பவுலின் ரோமர், கலாத்தியர் நிருபங்களை அடியொற்றி இவ்வேறுபாட்டை இறையியலின் மையத்தில் நிறுத்தியவர் மார்ட்டின் லூத்தர் (1483–1546). நியாயப்பிரமாணம் மனிதர் செய்யவேண்டியதைக் கட்டளையிடுகிறது. சுவிசேஷம் கிறிஸ்து செய்து முடித்ததை அறிவிக்கிறது. முன்னது கேட்கிறது, பின்னது கொடுக்கிறது. எனவே இரண்டும் இரு ஏற்பாடுகளிலும் உள்ளன. ஆதியாகமத்தில் ஆபிரகாம் பெற்ற வாக்குறுதி சுவிசேஷமாகும். கொலையோடு சினத்தையும் தீர்ப்புக்கு உட்படுத்தும் மலைப்பிரசங்கப் பகுதி (மத்தேயு 5) நியாயப்பிரமாணமாகும்.

பயன்கள் பற்றிய கருத்து வேறுபாடு

நியாயப்பிரமாணத்திற்கு மூன்று பயன்கள் கூறப்படுகின்றன: சமூகத்தில் தீமையைத் தடுத்தல், பாவத்தை உணர்த்துதல், நம்பிக்கையாளருக்கு வாழ்நெறி காட்டுதல். மனந்திரும்புதலுக்குச் சுவிசேஷமே போதும் என்றும், திருச்சபைப் போதனையில் நியாயப்பிரமாணத்திற்கு இடமில்லை என்றும் வாதிட்டார் யோகான் அகிரிக்கோலா. லூத்தர் 1537 முதல் 1540 வரை நிகழ்ந்த சொற்போர்களில் இதனை மறுத்தார். நோயை அறியாதவர் மருந்தை நாடார் என்பதே அம்மறுப்பின் சாரம். மூன்றாம் பயனை லூத்தரன் மரபின் 1577ஆம் ஆண்டு இணக்க அறிக்கை ஏற்றது. கால்வின் அதனையே தலையாயதாகக் கருதினார்.

கார்ல் பார்த் 1935இல் இவ்வரிசையையே மாற்றிச் சுவிசேஷத்தை முதலில் வைத்தார். யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் இக்கருத்துக்கு அரணாகக் காட்டத்தக்கது: அங்கு எகிப்திலிருந்து விடுவித்த செய்தி முன்னும் கட்டளைகள் பின்னும் அமைந்துள்ளன. லூத்தரிடம் கட்டளை அருளின் தேவையை உணர்த்துகிறது. பார்த்திடம் அருளே கட்டளையின் அடித்தளமாகிறது.

தமிழ்ச் சொற்களின் தாங்குதிறன்

அளவை நூல்களில் 'பிரமாணம்' என்பது அறிவைத் தரும் கருவி, அதாவது அளவை. பாவத்தை அறியும் அறிவு நியாயப்பிரமாணத்தால் வருகிறது என்ற பவுலின் கருத்தோடு (ரோமர் 3:20) இப்பொருள் பெரிதும் பொருந்துகிறது. பெயர்ப்பாளர் இதனைக் கருதினரா என்பது வேறு வினா. சொல் அப்பொருளுக்கு இடந்தருகிறது. 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் ஆளும் 'திருச்சட்டம்' எளிமையும் தெளிவும் உடையது. எனினும் அதில் கட்டளைப் பொருளே மேலோங்குகிறது, அளவைப் பொருள் மறைகிறது.

'சுவிசேஷம்' என்பதன் நிலை வேறு. 'என்ன விசேஷம்?' என்னும் உலகவழக்கில் விசேஷம் செய்தியைக் குறிக்கும். ஆகவே 'நற்செய்தி' என்னும் புதிய பெயர்ப்பு பழைய சொல்லின் பொருளையே வெளிப்படையாக்குகிறது.

கலாத்தியர் 3:24இல் பழைய பெயர்ப்பு நியாயப்பிரமாணத்தை 'உபாத்தி' என்கிறது. கிரேக்க மூலம் சுட்டுவது கற்பிக்கும் ஆசிரியரை அன்று. சிறுவனைக் கண்காணித்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் அடிமையை. அவன் பொறுப்பு சிறுவன் வளரும்வரையில்தான். ஆசிரியர் என்னும் பொருளில் இந்தத் தற்காலிகத் தன்மை மங்குகிறது.

முடிவுரை

இவ்விரண்டையும் நூற்பகுப்பாகக் கொண்டால் பழைய ஏற்பாடு அருளற்ற சட்டநூலாகவும், சுவிசேஷம் கடுமை கூடிய புதிய சட்டமாகவும் தோன்றும். முன்னது யூதமரபைக் குறுக்கிவிடும். பின்னது குற்றவுணர்வால் தளர்ந்தவருக்குரிய ஆறுதலைப் பறித்துவிடும். ஆதலின் கிறித்தவத் தமிழ்ப் பனுவல்களை ஆராய்வோர், இச்சொற்கள் வருமிடத்து எந்த ஏற்பாடு சுட்டப்படுகிறது என வினவுவதோடு அமையாது, அவ்வாக்கு கேட்கிறதா கொடுக்கிறதா எனவும் வினவுதல் வேண்டும்.