வராத குழந்தையைத் தேடும் பட்டியல்

கோயம்புத்தூரில் குடியிருக்கும் பெண் ஒருத்தி தலைப்பிரசவத்துக்குத் தேனிப் பக்கம் தாய்வீட்டுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தவுடன் போடும் பிசிஜி, ஹெபடைடிஸ் பி ஊசிகளும் போலியோ சொட்டு மருந்தும் அங்கேயே. 6, 10, 14 வாரத் தவணைகளும் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பிறகு புகுந்த வீடு. 9 மாதம் முடிந்து தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு நாள் வரும்போது, தேனிச் செவிலியரின் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் கணக்கு பாதியில் நிற்கும். கோவைச் செவிலியரின் பதிவேட்டில் அப்படியொரு குழந்தையே இருக்காது. வீடு மாற்றும்போது தொலைந்துவிடக்கூடிய ஒரு தடுப்பூசி அட்டைதான் இரண்டு ஊருக்கும் தொடர்பு.

தவறவே கூடாத தவணை இந்தத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு நோய் தொற்றும். அதை நிறுத்த நூற்றுக்கு 95 குழந்தைகளாவது இரண்டு தவணையும் பெற்றிருக்க வேண்டும். 9 மாதக் குழந்தையின் ரத்தத்தில் தாய் கொடுத்த எதிர்ப்பொருள் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். அது ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். அந்த வயதில் சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்கே பாதுகாப்பு உண்டாகிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாவது ஊசிதான் மீதிக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது.

எத்தனை ஊசி போட்டோம் என்ற கணக்கு இங்கே ஏமாற்றிவிடும். ஒரு துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் 100 குழந்தைகள், போட்டதும் 100 ஊசி என்றால் காகிதத்தில் நூறு சதவீதம். அந்த நூறில் 15 ஊசி தாய்வீடு வந்தவர்களின் குழந்தைகளுக்குப் போயிருந்தால், உள்ளூரில் 15 குழந்தைகள் விடுபட்டிருக்கிறார்கள். அந்தப் பதினைந்தும் ஒரே செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பங்களின் குழந்தைகளாக இருந்தால், மாவட்டச் சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தும் பயனில்லை.

கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணினியில் பதிந்து தொடரும் தமிழ்நாட்டின் பிக்மி பதிவில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, அது கர்ப்பத்திலிருந்தே எண்ணத் தொடங்குகிறது என்பதுதான். தாய்க்கு 12 இலக்க எண் கிடைக்கிறது. 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். ஒரு ஊசிகூடப் போடாத குழந்தையை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். ஊசி போட்ட பிறகு எழுதும் பதிவேட்டில் அதன் பெயர் ஏறவே ஏறாது.

சிக்கல்களும் உண்டு. பெயர் வைக்காத குழந்தையை அம்மா பெயரில்தான் பதிய முடியும். அம்மாவின் பெயர் ஓரிடத்தில் ஒரு எழுத்து மாறும். கைபேசி எண் ஆறு மாதத்தில் மாறும். விளைவு, ஒரே குழந்தைக்கு இரண்டு பதிவுகள், இரண்டுமே அரைகுறை. பிறந்த தேதி, தாய் பெயர், கைபேசி மூன்றையும் ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கலாம். ஆனால் உண்மையான இரட்டைப் பிள்ளைகளுக்கு இம்மூன்றும் ஒன்றே! அவசரப்பட்டு இணைத்தால் ஒரு குழந்தை பட்டியலிலிருந்தே காணாமல் போகும். தனியார் மருத்துவமனையில் போட்ட ஊசி கணினிக்கு வராவிட்டால் அது இன்னொரு ஓட்டை.

நன்றாக அமைந்த பதிவு என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் 2005இல் பார்த்தார்கள். கத்ரீனா சூறாவளிக்குத் தப்பி, லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் குடும்பங்கள் அடுத்த மாநிலமான டெக்சாஸின் ஹூஸ்டன் நகருக்கு ஓடின. அட்டைகள் வெள்ளத்தோடு போயின. பள்ளியில் சேர்க்கவோ தடுப்பூசிச் சான்று வேண்டும். லூசியானா மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டை ஹூஸ்டன் பதிவேட்டோடு இணைத்தார்கள். பல ஆயிரம் குழந்தைகளின் பழைய கணக்கு கிடைத்தது. போட்ட ஊசியையே மறுபடி போடாமல் தப்பித்தார்கள்.

இந்தியாவில் 2023 ஜனவரியில் சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிய யு-வின் என்ற தடுப்பூசிப் பதிவுத் தளத்தின் நோக்கமும் இதுதான். பீகாரில் பிறந்து திருப்பூரில் வளரும் குழந்தையின் முந்தைய தவணைகளைத் திருப்பூர்ச் செவிலியர் பார்க்க முடிய வேண்டும்.

பார்த்தபின் அந்த வீட்டுக்குப் போக வேண்டியவரும் அவர்தான். புதன்கிழமை ஊசி போட்டு, பதிவேட்டில் எழுதி, அதையே மறுபடி கணினியிலும் ஏற்றுகிற இரட்டை வேலை கிராம சுகாதார செவிலியர்களின் நேரத்தைத் தின்கிறது. அந்த இரண்டு பதிவில் ஒன்றை முதலில் நிறுத்த வேண்டும். அவர்கள் வியாழக்கிழமை செங்கல் சூளைக்குப் போக அந்த நேரம் வேண்டும்.