ஸ்டென்ட் வெச்சாச்சு... மாத்திரையை நிறுத்தலாமா?

'அடைப்பைத்தான் எடுத்தாச்சே... இன்னும் எதுக்கு இத்தனை மாத்திரை?'

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களில், பல வீடுகளில் எழும் கேள்வி இது. நெஞ்சுவலி இல்லை, படியேறினால் மூச்சு வாங்குவதும் இல்லை. பிறகு ஏன் மாத்திரை? இதற்கான பதில், ஸ்டென்ட்டின் மேல் பூசப்பட்டிருக்கும் மருந்தில் இருக்கிறது.

மருந்து எதற்கு?

1977-ல் சூரிச் நகரில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், இதய ரத்தக்குழாய் அடைப்பை முதன்முறையாக பலூன் மூலம் விரித்தார். ஆனால், விரித்த குழாய் பலருக்கு மீண்டும் சுருங்கியது. அதைத் தாங்கிப்பிடிக்க 1986-ல் வந்ததுதான் ஸ்டென்ட் என்ற உலோக வலைக்குழாய்.

அதிலும் ஒரு சிக்கல். ஸ்டென்ட் அழுத்தும் இடத்தை உடல் காயமாகவே பார்க்கிறது. காயத்தை ஆற்ற செல்கள் பெருகுகின்றன. அந்தப் பெருக்கம் அளவு மீறினால், தழும்புபோலத் தடித்து ஸ்டென்ட்டுக்குள்ளேயே வழியை அடைத்துவிடும். வெறும் உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் சுமார் 20 முதல் 30 சதவிகிதம் பேருக்கு இப்படி நேர்ந்தது.

தீவு மண் தந்த தீர்வு

பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவிலிருந்து 1964-ல் கனடா குழு ஒன்று மண் மாதிரிகளை எடுத்துவந்தது. அந்த மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து, இந்திய வம்சாவளி விஞ்ஞானி சுரேந்திர நாத் சேகலின் குழு ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தது. தீவின் உள்ளூர்ப் பெயரான ராபா நூயியை வைத்து, அதற்கு 'ராபமைசின்' என்று பெயரிட்டார்கள். சிரோலிமஸ் என்பதும் இதுவே. பூஞ்சைக்கான மருந்தாகப் பார்க்கப்பட்ட அது, செல் பெருக்கத்தையும் அடக்கும் என்பது பின்னர் தெரியவந்தது. 1999-ல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில், இந்த மருந்து பூசிய ஸ்டென்ட் முதன்முறையாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

ஸ்டென்ட் கம்பிகளின் மேல் மெல்லிய பாலிமர் பூச்சில் மருந்து கலந்திருக்கும். அது சில வாரங்கள், மாதங்கள் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, தழும்பு தடிப்பதைத் தடுக்கும்.

இங்கேதான் கவனம் தேவை!

தழும்பைத் தடுக்கும் அதே மருந்து, ஸ்டென்ட் மேல் இயற்கையான உள்தோல் மூடுவதையும் தாமதப்படுத்துகிறது. மூடும்வரை அதன் மேல் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி, திடீரென ரத்தம் உறையலாம். முன்பைவிடப் பெரிய மாரடைப்பாகவும் அது முடியலாம். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு, குளோபிடோக்ரெல் போன்ற இரண்டாவது மாத்திரையும் தரப்படுகிறது.

இரண்டு மாத்திரைகளும் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தேவைப்படும். உடல்நிலையைப் பொறுத்து இது கூடும், குறையும். அதன் பிறகும் பெரும்பாலும் ஒரு மாத்திரை தொடரும். இதை முடிவு செய்யவேண்டியவர் இதயநோய் மருத்துவர் மட்டுமே.

* பல் பிடுங்குவதற்கோ, வேறு ஆபரேஷனுக்கோ நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதலில் இதயநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

* மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* ஸ்டென்ட் வைத்த தேதி, மாத்திரைகளின் பெயர்கள் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வலி போய்விட்டது என்பதால் உள்ளே காயம் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. அது ஆறும்வரை காவல் இருப்பது, தினமும் போடும் அந்த மாத்திரைகள்தான்!