படத்துல இல்லாதவங்க யாரு, பாட்டி?

ஆன்லைன் பேட்டியில் போட்டோவை எப்படிப் பயன்படுத்துறது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். நான் சொதப்பின கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யோட எல்லைப் போராட்டம் நமக்குத் தெரியும். ஆனா, அங்கே இருந்த குடும்பங்களுக்கு அந்த மாற்றம் எப்படி இருந்துச்சு? அதைக் கேட்க, திருத்தணியில் ஒரு பாட்டிகிட்ட வீடியோ கால்ல பேசினேன். போனைப் பிடிச்சிருந்தது பேரன்.

எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு." அவ்வளவுதான்.

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா பாட்டி?"ன்னு கேட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியில் எடுத்த குடும்பப் படத்தைப் பேரன் கேமரா முன்னாடி காட்டினான். பாட்டி பேச ஆரம்பிச்சாங்க. பாதி தமிழ், பாதி தெலுங்கு. தங்கச்சியை நகரியில் கட்டிக்கொடுத்தப்போ ரெண்டு ஊரும் ஒரே ஜில்லாவாம். அப்புறம் நகரி ஆந்திராவிலேயே இருந்துடுச்சு.

இதுக்குப் பேர் 'போட்டோ எலிசிட்டேஷன்'. அதாவது, படத்தைக் காட்டிப் பேச வைக்கிறது. அமெரிக்காவின் ஜான் காலியர், படத்தோடும் படம் இல்லாமலும் பேட்டி எடுத்து ஒப்பிட்டு, 1957-ல் ஆய்வுக் கட்டுரையாவே எழுதினார். காரணம் எளிது: கேள்வி கேட்டா பரீட்சை மாதிரி இருக்கும். படம் இருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணைப் பார்க்கிறோம்.

"படத்துல இருக்கிறது யாரு?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "படத்துல இல்லாதவங்க யாரு?"ன்னும் கேளுங்க. நான் கேட்டப்போ பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் அவங்க அம்மாவைப் பத்திச் சொன்னாங்க.

இப்போ என் சொதப்பல். பழக்கதோஷத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன். சத்தம் கேட்டுடுச்சு.

"படம் புடிச்சியா கண்ணு? என் தங்கச்சியைக் கேட்டியா?"

என்கிட்ட பதில் இல்லை. பாட்டி சம்மதிச்சது அவங்க பேச்சுக்கு மட்டும்தான்; தங்கச்சி முகத்துக்கு இல்லை. உடனே அழிச்சேன். பிறகு பாட்டியே நகரிக்குப் போன் போட்டுக் கேட்டாங்க. தங்கச்சி வேண்டாம்னுட்டாங்க. ஆய்வில் அந்தப் படம் இல்லை; பாட்டி சொன்ன வார்த்தைகள் மட்டும் இருக்கு.

அதிலிருந்து ஒலிப்பதிவு, வீடியோ, போட்டோ மூணுக்கும் தனித்தனியா சம்மதம் கேட்கிறேன். படத்தில் இருக்கிற மத்தவங்களையும் கேட்கிறேன். போனைப் பிடிக்கிறவர் கொஞ்சம் வெளியே போக முடியுமான்னும் பார்க்கிறேன். பேரன் முன்னாடி சொல்ல முடியாதது பாட்டிக்கு இருக்கலாம் இல்லையா?